ஆண்டுதோறும் ‘4’: பாலத்துக்கு மதிப்பெண் போட்டால் மட்டும் போதுமா?

2022 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிட்ஸ்பர்க் நகரில் பனி படர்ந்திருந்த அதிகாலை நேரம். ஃபோர்ப்ஸ் அவென்யூ சாலையைத் தாங்கி நின்ற ஃபெர்ன் ஹாலோ பாலம் காலை 6.40-க்குச் சற்று முன்பு அப்படியே பள்ளத்தில் சரிந்தது. 136 மீட்டர் நீளப் பாலம் அது. கீழே ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் ஒரு பூங்கா. இரண்டு பெட்டிகளை இணைத்த நீளமான நகரப் பேருந்து ஒன்றும் நான்கு வாகனங்களும் பாலத்தோடு சேர்ந்து இறங்கின. பின்னால் வந்த மற்றொரு வாகனம், பாலம் இல்லை என்று தெரிவதற்குள் விளிம்பைத் தாண்டிவிட்டது.

சிலர் காயமடைந்தனர். உயிர்ச்சேதம் இல்லை. பனியினால் அன்று பள்ளிகள் தாமதமாகத் திறக்கவிருந்தன. சாலையில் வாகனங்கள் குறைவு. கூட ஒரு மணி நேரம் அந்தப் பாலம் தாக்குப் பிடித்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அன்றைக்கென்று அதிபர் ஜோ பைடன் அந்நகருக்கு வருவதாக இருந்தது. பேச வந்த பொருள், நாட்டின் சாலைகளையும் பாலங்களையும் சீரமைப்பது! அவர் விழுந்த பாலத்தைப் பார்வையிட்ட படங்கள் உலகம் முழுவதும் ஓடின. இரண்டு நாளில் செய்தி பழையதாகிவிட்டது.

ஆனால் உண்மையில் கவனிக்க வேண்டிய செய்தி 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஈராண்டு விசாரணைக்குப் பிறகு தன் முடிவை அறிவித்தது. அந்தப் பாலம் யாரும் கவனிக்காமல் விழவில்லை. ஆண்டுதோறும் ஆய்வாளர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எழுதினார்கள், மதிப்பெண் போட்டார்கள். 2011-ஆம் ஆண்டிலிருந்து அந்த மதிப்பெண் ‘மோசம்’ என்ற வகையிலேயே இருந்தது. பத்தாண்டுக்கு மேலாக ‘மோசம்’ என்று ஏட்டில் எழுதப்பட்டே நின்ற பாலம், ஒரு நாள் எழுதியபடியே விழுந்தது.

பிட்ஸ்பர்க் என்றதும் அமெரிக்கா போய்வந்த நம்மவர்களுக்கு பென் ஹில்ஸ் பகுதியில் உள்ள வேங்கடேஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கு அது எஃகு நகரம், பாலங்களின் நகரம். 446 பாலங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எஃகையும் பாலத்தையும் நன்றாக அறிந்த அப்படிப்பட்ட ஊரிலேயே இது நடந்திருக்கிறது என்றால், நம் ஊர்ப் பாலங்களைப் பற்றியும் சில கேள்விகள் எழுவது இயல்புதான்.

‘4’ என்றால் என்ன?

அமெரிக்காவில் பால ஆய்வு சட்டமானதே ஒரு துயரத்தால்தான். 1967 டிசம்பர் 15, கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு, ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் மாலை நெரிசலில் இடிந்து 46 பேர் இறந்தனர். ஒரே ஓர் இரும்புக் கண்ணியில் இருந்த சிறு விரிசல்தான் காரணம். அதன் பிறகே நாடு முழுமைக்குமான பால ஆய்வு விதிகள் 1971-இல் வந்தன. 1983-இல் கனெக்டிகட் மாநிலத்தில் மியானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. ஓர் உறுப்பு முறிந்தால் பாலமே போய்விடும் என்ற நிலையில் உள்ள பாகங்களைக் கை எட்டும் தூரத்தில் நின்று பார்ப்பதில் கண்டிப்பு கூடியது. 1987-இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலத்தின் அடித்தளத்தை வெள்ளம் அரித்து 10 பேர் இறந்தனர். நீருக்கடியில் மூழ்கிப் பார்க்கும் ஆய்வு கட்டாயமானது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சாவு வீடு இருக்கிறது.

இன்றைய நடைமுறைப்படி 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கப் பாலங்கள் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆராயப்படுகின்றன. நிலை மோசமானால் ஆண்டுக்கு ஒருமுறை. வாகனம் ஓடும் தளம், அதைத் தாங்கும் விட்டங்கள், கீழே உள்ள தூண்களும் அடித்தளமும் என மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 9-இலிருந்து 0 வரை மதிப்பெண் போடுவார்கள். 9 என்றால் புத்தம் புதியது. 7-உம் அதற்கு மேலும் நல்ல நிலை. 5, 6 நடுத்தரம். 4-உம் அதற்குக் கீழும் ‘மோசம்’. 0 என்றால் பாலம் பயன்பாட்டுக்கு உதவாது, இனிச் சரிசெய்யவும் முடியாது என்று பொருள். மூன்றில் எது குறைவோ அதுவே பாலத்தின் நிலை.

மலேசியாவில் பொதுப்பணித் துறையான ஜேகேஆர் பயன்படுத்தும் அளவுகோல் தலைகீழ். இங்கே 1 என்றால் சேதம் எதுவும் இல்லை. 2 என்றால் சேதம் தெரிகிறது, குறித்து வைத்துக் கண்காணிக்க வேண்டும். 3 என்றால் வழக்கமான பராமரிப்பு வேலை தேவை. 4 என்றால் சேதம் கடுமையானது. பழுதுபார்க்க வேண்டும், அல்லது விரிவான ஆய்வு நடத்த வேண்டும். 5 என்றால் போக்குவரத்தின் பாதுகாப்பையே பாதிக்கக்கூடிய நிலை. உடனே கைவைத்தாக வேண்டும். ஆக அங்கே 5 வாங்கிய பாலம் ‘பரவாயில்லை’, இங்கே 5 வாங்கிய பாலம் ஆபத்து. ஆனால் 4 மட்டும் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே சேதியைச் சொல்வது விநோதம்தான்.

இந்த எண்களைப் பற்றிப் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. ‘மோசம்’ என்றால் நாளை விழும் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 42 ஆயிரம் பாலங்கள் இந்த வகையில் இருக்கின்றன. அவற்றின் மீது தினமும் கோடிக்கணக்கான பயணங்கள் நடக்கின்றன. சர்க்கரை அளவு கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் எழுதித் தரும் தாள் மாதிரிதான் அந்த எண். மறுநாள் மயங்கி விழுவார் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தாளைப் பத்து ஆண்டு மேசை இழுப்பறையில் சேர்த்துவைப்பவரின் கால் என்னவாகும் என்பது நம் வீடுகளில் பலருக்கும் தெரியும்.

அடைத்துக்கொண்ட வடிகால்

ஃபெர்ன் ஹாலோ பாலமும் காலில்தான் நோய் கண்டது.

1970-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பாலம் அது. சாய்வாக நிற்கும் நான்கு எஃகுக் கால்கள்தான் அதைத் தாங்கின. அந்த எஃகு தனி வகை. அதற்குச் சாயம் பூசத் தேவையில்லை. திறந்தவெளியில் நின்றால் முதலில் மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய துருப்படலம் கட்டும். பிறகு அந்தப் படலமே கவசமாகி உள்ளே துரு இறங்காமல் காக்கும். சாயச் செலவு மிச்சம் என்பதால் அந்தக் காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த எஃகு நனைந்தால் காய வேண்டும். நனைந்தபடியே கிடந்தால் கவசம் உருவாகாது. வெறும் துருதான் மிஞ்சும்.

பாலத்தின் மேற்பரப்பிலிருந்த நீர்வடிகால்கள் குப்பையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. மழைநீரும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு கரைந்த நீரும் போக வழியில்லாமல் பாலத்தின் கால்களில் வழிந்தன. கால்களின் மடிப்புகளில் சருகும் சேறும் தங்கி, ஈரத்தைப் பிடித்துவைத்தன. எஃகு காயவே இல்லை. மெல்ல மெல்லத் தகடுகள் மெலிந்து, கடைசியில் ஓட்டை விழுந்தது.

இது எதுவும் மறைவில் நடக்கவில்லை. வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள், கால்களில் சேர்ந்துள்ள குப்பையை அகற்றுங்கள், அரித்த இடத்தைச் சரிசெய்யுங்கள் என்று ஆய்வறிக்கைகள் ஆண்டுக்காண்டு ஒரே பரிந்துரையை எழுதின. ஓட்டைகளின் படங்களும் அறிக்கையில் இருந்தன. 2018-இல் பூங்காவில் நடந்துபோன ஒருவர், பாலத்துக்கு அடியில் குறுக்குக் கம்பி ஒன்று துருவால் முற்றாக அறுந்து கிடப்பதைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் நகராட்சிக்கே அனுப்பினார். பொறியியலாளருக்குத் தெரிந்தது பூங்காவில் நடப்பவருக்கும் தெரிந்திருக்கிறது.

வாரியத்தின் முடிவு நேரடியானது. தென்மேற்குக் காலில் இருந்த ஒரு குறுக்கு இணைப்புத் தகடு அரிப்பினால் முறிந்தது, பாலம் விழுந்தது. அதற்குக் காரணம், திரும்பத் திரும்ப வந்த பராமரிப்புப் பரிந்துரைகளின் மீது பிட்ஸ்பர்க் நகராட்சி நடவடிக்கை எடுக்காதது. ஆய்வுகளின் தரக்குறைவும், நகராட்சிப் பாலங்களின் மீது மாநிலப் போக்குவரத்துத் துறையின் மேற்பார்வை போதாமையும் துணைக்காரணங்கள்.

இங்கே ஆய்வாளர்களையும் சும்மா விட்டுவிட முடியாது. ஓட்டையைப் படம் எடுத்தவர்கள், அந்தத் தகடு முறிந்தால் பாலமே போய்விடும் என்பதை உணரவில்லை. முறிந்தால் பேராபத்து என்ற உறுப்புகளின் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை. அதைவிடத் திகைப்பூட்டுவது தாங்குதிறன் கணக்கு. ஒரு பாலம் எத்தனை டன் தாங்கும் என்று கணக்குப் போடும்போது பாலத்தின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். தார்ப்பரப்பும் அதில் சேர்த்தி. ஆனால் கணக்கில் எடுத்துக்கொண்ட தாரின் கனத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உண்மையில் பாலத்தின் மேல் கிடந்தது. மேலே தார் கூடியிருக்கிறது. கீழே கால் மெலிந்திருக்கிறது. கணக்கு மட்டும் பழைய கணக்காகவே நின்றது. கால்களின் வலிமையையும் கூடுதலாகவே மதிப்பிட்டிருந்தார்கள். இப்படிப் போட்ட கணக்கின்படி 2014-இல் ‘26 டன்னுக்கு மேல் செல்லக்கூடாது’ என்று பலகை வைத்தார்கள். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் பாலத்தையே மூடியிருக்க வேண்டும் என்பது விசாரணையில் தெரியவந்தது.

அந்தப் பலகையை நம்பி எட்டு ஆண்டுகள் பேருந்துகள் ஓடின.

கண் எவ்வளவு பார்க்கும்?

ஆய்வாளர் என்பவர் பாலத்தின் கீழே கயிற்றிலோ, நீண்ட கைகொண்ட லோரியின் தொட்டியிலோ நின்று, சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர். நல்ல கான்கிரீட் ‘ணங்’ என்று ஒலிக்கும். உள்ளே பிளந்திருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். தளத்தின் மேல் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்து சத்தத்தை வைத்தே உட்பிளவைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. இரும்பில் விரிசல் சந்தேகம் என்றால் சாயம் தடவிப் பார்ப்பார்கள், மீயொலிக் கருவி வைப்பார்கள். ஆனாலும் பெரும்பகுதி வேலை இன்றும் கண்ணால்தான்.

அந்தக் கண் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகமே 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஒப்புக்கொண்டது. வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த 49 ஆய்வாளர்களை ஒரே பாலங்களுக்கு அழைத்துப்போய் மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரே பகுதிக்கு நான்கைந்து விதமான எண்கள் வந்தன. சராசரியிலிருந்து ஓர் எண் வித்தியாசத்துக்குள் அடங்கியவை 68 விழுக்காடு மட்டுமே. ஒருவர் 6 என்று விட்டுவிடும் விட்டத்துக்கு இன்னொருவர் 4 போடலாம் என்பதே இதன் அர்த்தம். வெளிச்சம், அவசரம், பார்வைக் கூர்மை மட்டுமன்றி, பக்கத்தில் பாயும் வாகனங்களைக் கண்டு ஆய்வாளருக்கு ஏற்படும் பயம்கூட மதிப்பெண்ணை மாற்றுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. வேகச்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி டயர் மாற்றியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

2021 மே மாதம் மிசிசிப்பி ஆற்றின் மேல் மெம்ஃபிஸ் நகரையும் ஆர்கன்சாஸ் மாநிலத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலைப் பாலத்தில், முதன்மை உத்திரம் ஒன்று ஏறக்குறையத் துண்டாகும் அளவுக்குப் பிளந்திருப்பதை ஆய்வுக்குழு கண்டது. ஆய்வாளர் அந்த இடத்திலிருந்தே அவசர எண்ணுக்கு அழைத்துப் போக்குவரத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு பெரிய நெடுஞ்சாலை நிமிடங்களில் மூடப்பட்டது. மறுபடி திறக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. பிறகு பழைய படங்களைத் தேடியபோது, 2019-இல் எடுத்த டிரோன் காணொளியிலேயே அந்தப் பிளவு தெரிந்தது. 2016-இல் படகில் போன ஒருவர் எடுத்த படத்திலும் அதன் தடம் இருந்தது. இடைப்பட்ட ஆய்வுகளில் அதைத் தவறவிட்ட ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒரே பாலம், ஒரே பிளவு. ஒரு கண் தவறவிட்டது. இன்னொரு கண் காப்பாற்றியது.

மின்னியாபொலிஸ் கதை இதற்கும் ஒரு படி மேல். 2007 ஆகஸ்டு 1-இல் அங்கே நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தனர், 145 பேர் காயமடைந்தனர். அந்தப் பாலத்துக்கும் 1991-இலிருந்தே மதிப்பெண் 4. ஆனால் அது விழுந்தது அந்த 4-க்காக அல்ல. இரும்புச் சட்டங்களை முடிச்சுபோல் பிணைக்கும் இணைப்புத் தகடுகள் சில, இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தன. 1960-களில் வரைபடத்திலேயே நேர்ந்த பிழை. அன்று சாலைப் பணிக்காகக் குவித்துவைத்த மணலும் கருங்கல்லும் இயந்திரங்களும் அந்தத் தகடுகளுக்குக் கடைசிப் பாரமாயின. துருவைத் தேடிய ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாகத் தகட்டின் கனத்தைக் கேள்வி கேட்கவில்லை. அது அவர்களுடைய வேலையாகவும் கருதப்படவில்லை.

கான்கிரீட்டுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் சாலைப் பாலங்களில் பெரும்பாலானவை கான்கிரீட்தான். பிட்ஸ்பர்க்கில் தெரிந்ததுபோல் ஓட்டை வெளியே தெரியாது. 2024 செப்டம்பர் 11 பின்னிரவில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள், கட்டுமானக் காலத்திலேயே ஈரம் பட்டு உள்ளுக்குள் நுண்விரிசல் கண்டிருந்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். 1971-இல் கட்டிய பாலம். ஐம்பது ஆண்டுக்கு மேல் உள்ளே நடந்ததைச் சுத்தியலும் கண்ணும் சொல்லவில்லை. விழுந்தது விடியலுக்கு முன் மூன்று மணி வாக்கில் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசி டிராம் சில நிமிடங்களுக்கு முன்புதான் கடந்திருந்தது.

இங்கே யார் கையில்?

2025 ஜூலையில் குஜராத்தில் மஹி ஆற்றின் மேலிருந்த கம்பீரா பாலம் உடைந்து 20 பேருக்கு மேல் இறந்தபோது, நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் நிறையவே சுற்றியது. விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்ற லோரியை மறந்திருக்க மாட்டார்கள். பாலம் ஆபத்தாக இருக்கிறது என்று 2022-லேயே உள்ளூர் மக்கள் பிரதிநிதி ஒருவர் புகார் கொடுத்திருந்தார். அது 1985-இல் கட்டப்பட்ட பாலம்.

பினாங்குப் பாலமும் 1985-தான். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் மறைந்த துன் ச. சாமிவேலு. நம் சமூகத்தில் இன்றும் பெருமையோடு பேசப்படும் பாலம். இரண்டும் ஒரே வயது என்பதற்காக ஒன்றுபோல் என்று பயமுறுத்துவது நியாயமில்லை. பாலத்துக்கு வயது ஒரு குறிப்புதான், நோய் அல்ல.

வயது மட்டும் அளவுகோல் இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கெப்போங்கில் எம்ஆர்ஆர்2 சாலையின் 1.7 கிலோமீட்டர் மேம்பாலம் திறக்கப்பட்டது 2002-இல். 2004-இலேயே அதன் 33 தூண்களில் 31-இல் விரிசல் காணப்பட்டு மேம்பாலம் மூடப்பட்டது. 2006-இல் மறுபடி மூடப்பட்டது. அப்போதும் அமைச்சர் அவரேதான். நாடாளுமன்றத்திலும் நாளிதழ்களிலும் அந்த விரிசல் எவ்வளவு அலசப்பட்டது என்பது அன்று கெப்போங் நெரிசலில் சிக்கியவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வயதுப் பாலம் அது.

ஆகவே கேட்க வேண்டியது வயதை மட்டும் அல்ல. ‘ஆய்வு நடந்ததா’ என்பதும் போதாது. ஃபெர்ன் ஹாலோவில் ஆண்டுதோறும் நடந்ததே. போன ஆண்டு அறிக்கையில் எழுதிய வேலை இந்த ஆண்டு முடிந்ததா என்பதுதான் அந்த விசாரணை முன்வைக்கும் கேள்வி.

அந்தக் கேள்வியை இங்கே யாரிடம் கேட்பது என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. கூட்டரசுச் சாலைகளில் உள்ள பாலங்களை ஆண்டுதோறும் ஆராயும் பொறுப்பு ஜேகேஆரிடம். ஆனால் அந்தச் சாலைகளின் வழக்கமான பராமரிப்பு வேலையை ஒப்பந்தத்தில் செய்பவை தனியார் நிறுவனங்கள். டோல் நெடுஞ்சாலைகள் சலுகை நிறுவனங்களின் கையில். மேலே நெடுஞ்சாலை வாரியம். மாநிலச் சாலை என்றால் மாநில ஜேகேஆர். தாமானுக்குள் ஓடும் கால்வாய்ப் பாலம் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. தோட்டத்துக்குள் இருக்கும் பழைய பாலமோ தோட்ட நிர்வாகத்தின் சொத்து. செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரியும் பள்ளி வேனும் அதே பாலத்தில்தான் போய்வருகின்றன.

பிட்ஸ்பர்க்கில் உடைந்ததும் இதே இடத்தில்தான். ஆராய்ந்தவர்கள் தனியார் பொறியியல் நிறுவனத்தார். பாலம் நகராட்சியுடையது. மேற்பார்வை மாநிலத்துடையது. அறிக்கை ஒவ்வொரு மேசையையும் முறைப்படி கடந்தது. எல்லாரும் தங்கள் பங்கைச் செய்துவிட்டதாகவே நினைத்தார்கள். மண்வெட்டியோடு போய் வடிகாலைத் திறக்க ஆள் போகவில்லை. ஜேகேஆர் ஆய்வுப் படிவத்திலும் நீர்வடிகால் குழாய்க்குத் தனி இடம் இருக்கிறது. படிவத்தில் மிகச் சிறிய வரி அதுவாகத்தான் தோன்றும்.

வெளிப்படைத்தன்மை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடுவதுண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு பாலத்தின் மதிப்பெண்ணையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஃபெர்ன் ஹாலோவின் 4-உம் எல்லாரும் பார்க்கும்படிதான் கிடந்தது. பார்த்தும் பயனில்லை. ஆனாலும் ஒன்று: விழுந்த பிறகு, யார் எப்போது என்ன எழுதினார், யார் எதைச் செய்யாமல் விட்டார் என்பதை வாரியத்தால் ஆண்டுவாரியாக எடுத்துக் காட்ட முடிந்தது அந்தப் பதிவுகள் இருந்ததால்தான். பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் பெறும் உரிமைச் சட்டம் பத்தாண்டுக்கு மேலாக நடப்பில் உள்ளது. அது மாநில அரசின் கைவசமுள்ள ஆவணங்களுக்கு மட்டுமே செல்லும். மாநிலச் சாலைப் பாலம் ஒன்றின் ஆய்வு மதிப்பெண்ணை அதன்வழி கேட்டுப் பார்ப்பதற்குக் குடியிருப்பாளர் சங்கங்களுக்குத் தடை ஏதும் இல்லை. அப்படிக் கேட்கும்போது மதிப்பெண்ணோடு, முந்திய ஆண்டின் பரிந்துரைகளையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

பாலத்தின் மேல் ஏறும் ஓட்டுநரின் கண்ணில் படுவது எடைக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றுதான். அந்தப் பலகையின் எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசியாக எப்போது போட்ட கணக்கு, அதன் பிறகு எத்தனை முறை மேலே தார் போட்டார்கள் என்பது பலகையில் இருக்காது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றும் லோரிகள் நம் சாலைகளில் புதிதல்ல என்பதால், இந்தக் கணக்கு இங்கே கூடுதலாகவே பொருள்படும்.

ஃபெர்ன் ஹாலோ பாலம் பதினொரு மாதத்துக்குள் புதிதாகக் கட்டப்பட்டு 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. செலவு 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். அவ்வளவு விரைவில் கட்டிமுடித்ததை அரசியல்வாதிகள் பாராட்டிக்கொண்டார்கள்.

அதே நகரம் தன் மற்றப் பாலங்களின் தாங்குதிறன் கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்த்தது. அதன் விளைவாக 2023 பிப்ரவரியில், பல்கலைக்கழகங்கள் நிறைந்த ஓக்லண்ட் பகுதியை ஒட்டியுள்ள சார்ல்ஸ் ஆண்டர்சன் பாலம் உடனடியாக மூடப்பட்டது. அதுவும் பல காலமாக ‘மோசம்’ பட்டியலில் இருந்ததுதான். பேருந்துகள் வழி மாற்றி விடப்பட்டன. சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று குடியிருப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். யாரும் எங்கும் விழவில்லை என்பதால் உலகச் செய்திகளில் அது இடம்பெறவில்லை.